ஜெராக்ஸ் எடுக்கப் போன இரண்டு பேர்

ரெஜினா அக்கா எனக்கு முன்பே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். புதுச்சேரியில் அந்தத் தெருவில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. தார் சூடேறி, செருப்பின் அடியை விடாமல் பிடித்து இழுத்தது. என் கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் நான் கைப்பட எழுதிய பதினொரு பக்கக் கட்டுரை. இன்னும் ஒரு மணி நேரத்தில் அதை நாற்பது பேருக்கு முன்னால் நின்று விளக்க வேண்டும். அது நம்மால் ஆகாது என்று முடிவுகட்டி, படிப்பு மையத்தின் பின்வாசல் வழியாக நழுவி, பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வந்திருந்தேன்.

வந்து பார்த்தால் அக்கா. கையில் நாலடுக்கு டிபன் கேரியர், தோளில் பை, விரல்களில் ஜெபமாலை. என்னோடு படிப்பவர். அவரும் அன்றைக்குப் பேச வேண்டியவர்தான். நான் ஒன்பதாவது, அவர் பத்தாவது.

"இன்னா தம்பி, இங்க?"

"ஜெராக்ஸ்கா" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "ஒரு பேப்பரு ஜெராக்ஸ் எடுக்கணும். நீங்க?"

அக்கா ஜெபமாலையை மெல்லப் பைக்குள் போட்டார்.

"நானும் அதுக்குத்தான்."

பஸ் வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டிய, நல்லவாடு என்ற கடலோர ஊரின் மீன் ஏலக்காரன் ஒருவன், நகரத்துத் தெருவில் ஃபைலோடு திருடன்போல நிற்க வேண்டிய அவசியம் எப்படி வந்தது?

கத்துவது என் பிழைப்பு

தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக: நான் கரையில் மீன் ஏலம் விடுகிறவன். படகு கரை ஏறியதும் மீனை மணலில் கொட்டுவார்கள். சுற்றிக் கூடைக்காரப் பெண்கள், வெளியூர் வியாபாரிகள், ஐஸ் வண்டிக்காரர்கள். நடுவில் நின்று விலையைக் கத்திக்கொண்டே போக வேண்டும்.

வாங்குகிறவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். ஒருத்தி புருவத்தைத் தூக்குவாள். ஒருவர் தாடையை அரை அங்குலம் ஆட்டுவார். இன்னொருத்தி முந்தானையை இழுத்துச் செருகுவாள். அப்படியென்றால் இன்னும் ஒரு படி ஏறலாம் என்று பொருள். எல்லாவற்றையும் நான் பார்த்துப் படிக்க வேண்டும். முகம் படிப்பதில் எனக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம். கொடுக்க யாரும் இல்லை.

கரையில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்காத சட்டம். கேட்டது கேட்டதுதான். கையைத் தூக்கிவிட்டு, "இல்ல, ஈ ஓட்டினேன்" என்றால் செல்லாது. மீன் உங்களுடையது.

இருநூறு பேருக்கு நடுவில் தினமும் கத்துகிறவன், நாற்பது பேரைக் கண்டு ஏன் ஓட வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். விடை கிடைக்க ரொம்ப வருடம் ஆயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

தண்ணீர் குடிக்கப் போனவன்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்னைக் கல்லூரியில் சேர்த்தார்கள். முதல் வாரம். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியர். மூன்றாவது பெஞ்ச் வரைக்கும் வந்துவிட்டது. நான் நாலாவது.

என் பயத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் வலது முட்டி ஆடும். பிறகு இரண்டு காதும் அடுப்பில் போட்டதுபோலச் சுடும். கடைசியாகக் குரல் தொண்டைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். அன்றைக்கு மூன்றும் வரிசையாக வந்தன.

"சார், தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். அதுதான் கடைசியாகக் கிளம்பிய சத்தம்.

பானை வரைக்கும் போனேன். பானையைத் தாண்டி கேட் வரைக்கும் போனேன். கேட்டைத் தாண்டினால் பஸ் நின்றது. அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தத் தண்ணீரை நான் குடித்து முடிக்கவில்லை.

ஊரில் வேறு கதை சொன்னேன். அப்பாவின் படகுக்கு ஆள் வேண்டியிருந்தது, குடும்பத்துக்காகப் படிப்பை விட்டேன், தியாகம், இத்யாதி. உண்மை தெரிந்த ஒரே ஆள் என் மனைவி கஸ்தூரி. கல்யாணமான புதிதில், பிரியத்தின் உச்சத்தில், அறிவில்லாமல் சொல்லிவிட்டேன். புதிதாகக் கல்யாணமானவர்கள் இதைப் படித்தால் கவனமாக இருக்கவும்.

நாற்பது பேர் சாட்சி

கஸ்தூரி மீன் வாங்கி வில்லியனூர்ப் பக்கம் கொண்டுபோய் விற்கிறவள். ஒருநாள் ஏலம் முடிந்த நேரம், நான் வழக்கம்போல யாரிடமோ, "நான் மட்டும் படிச்சிருந்தா இன்னேரம் எங்கியோ இருந்திருப்பேன்" என்று ஆரம்பித்தேன். கூடையில் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எத்தினி வருசமாயா இதையே சொல்லுவ? ஒன்னு படி. இல்லன்னா வாய மூடு."

"இந்த வயசுலயா?"

"ஃபோன்லயே பாடம் நடத்துறாங்களாம். அஞ்சே அஞ்சு ஞாயித்துக்கெழம நேர்ல போனா போதுமாம். இன்னா, சேர்றியா?"

சுற்றி நாற்பது பெண்கள். அத்தனை பேர் கண்ணும் என்மேல். மானத்துக்காக, "சேர்றேன், இன்னா இப்போ?" என்றேன்.

"கேட்டது கேட்டதுதான்" என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரமே பி.ஏ. பொது நிர்வாகத்தில் சேர்ந்துவிட்டேன்.

கறுப்புக் கட்டங்கள்

ஆன்லைன் வகுப்பு எனக்குச் சொர்க்கம். கேமராவை அணைத்துவிடலாம். திரையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எழுத்து. யாருக்கும் முகமில்லை. எனக்கும் இல்லை. முட்டி ஆடினால் முட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய படகின் முதுகில்தான் சிக்னல் நன்றாக வரும். அதன்மேல் உட்கார்ந்து உள்ளாட்சி அமைப்புகளைப் படித்தேன். சனிக்கிழமை வகுப்பு காலையிலேயே என்பதால் அன்றைக்கு மட்டும் ஏலத்தை என் மச்சானிடம் விட்டுவிடுவேன். கஸ்தூரியின் தம்பி. எனக்கு வேண்டாதவன் என்று சொல்ல மாட்டேன், வேண்டியவன் என்றும் சொல்ல மாட்டேன்.

ஒரு சனிக்கிழமை படகில் வெயில் ஏறிவிட்டது. இறங்கி, காதில் இயர்போனோடு ஏலக் கூட்டத்தின் ஓரமாக நிழலில் நின்றேன். பாடம் நடத்திய மேடம், "புரிஞ்சவங்க எல்லாம் கை தூக்குங்க" என்றார். ஃபோனில் அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. எனக்குப் பொத்தான் ஞாபகம் வரவில்லை. புரிந்த சந்தோஷத்தில் நிஜக் கையைத் தூக்கினேன்.

மூன்று பெட்டி காரப்பொடி மீன் என் காலடியில் வந்து விழுந்தது.

"டேய், நான் கிளாஸ்ல இருக்கேன்டா."

"தூக்குன கை தூக்குனதுதான் மாமா" என்றான் மச்சான். நான் தினமும் கத்துகிற சட்டம் என்மேலேயே பாய்ந்தது. விரல் நீளம்கூட இல்லாத, முள்ளே உடம்பான அந்த மீனை ஒரு வாரம் குழம்பாகவும் வறுவலாகவும் கருவாடாகவும் தின்றோம். அந்தப் பாடம் மட்டும் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

வகுப்பில் ஒரு கட்டம் இருந்தது. R என்ற எழுத்து. அது ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் மைக்கை அணைக்கத் தெரியாது. பாடம் சூடு பிடிக்கும்போது பின்னால் குக்கர் விசில் கேட்கும். நான் எண்ணுவேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், "நாலு விசில், இன்னிக்குப் பருப்பு" என்று போடுவேன். நாற்பது பேரும் சிரித்த முகங்களை அனுப்புவார்கள். 'குக்கர் மேடம்' என்று பெயர் வைத்ததும் நான்தான். முகம் தெரியாதவரைக் கிண்டல் பண்ணுவது எவ்வளவு சுலபம்.

கட்டத்துக்குள் இருந்தவர்

முதல் நேரடி வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கரையில் வியாபாரம் அதிகம். ஏலத்தை மச்சானிடம் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டையில் மீன் வாசனை வருகிறதா என்று முகர்ந்து முகர்ந்து பஸ்ஸில் போனேன். படிப்பு மையம் என்பது ஒரு பழைய பள்ளிக் கட்டடம். எல்லாரும் சின்னப் பிள்ளைகள். கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள். கடைசி பெஞ்சில் ஒரு அம்மா மட்டும் என்னைவிட மூத்தவர். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மதியம் அவர் டிபன் கேரியரைத் திறந்தார். எலுமிச்சை சாதம், முட்டை, கத்திரிக்காய் வறுவல். என் பார்சல் இலையில் எடுத்து வைத்துக்கொண்டே, "நீதான் அந்த ஏலக்காரத் தம்பியா?" என்றார்.

"ஆமாங்கா. எப்படித் தெரியும்?"

"குழுவுல நீயே போட்டிருந்தியே. பேசுறதுலயும் தெரியுது. நான் ரெஜினா. ஊரு ஒதியம்பட்டு." ஒரு முட்டையை எனக்கு வைத்துவிட்டு, "அந்தக் குக்கரு நான்தான்" என்றார்.

முட்டை என் தொண்டையில் நின்றுவிட்டது. அவர் குவளையை என் பக்கம் தள்ளினார்.

அக்கா ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் பொறுப்பு. சர்ச்சில் விடிகாலைப் பூசைக்குப் போய், அறுபது பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு நேரடி வகுப்புக்கு வருகிறார். ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பொண்ணுங்க வருசா வருசம் பாஸ் பண்ணிட்டு, டாட்டா காட்டிட்டுப் போவுதுங்க தம்பி. நான் அதே அடுப்பாண்டதான் நிக்கிறேன். ஒருவாட்டி நானும் பாஸ் பண்ணிட்டு டாட்டா காட்டலாம்னு."

அன்றைக்கு வீடு திரும்பியதும் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட விசில் கணக்கையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தேன். அழித்ததாக ஒவ்வொன்றிலும் ஒரு வரி விழுந்து, யாரோ கலவரம் பண்ணியதுபோலக் கிடந்தது குழு.

ஒன்பதாவது எண்

ஐந்து ஞாயிறும் வந்திருக்க வேண்டும். கடைசி நாலு ஞாயிறும் பத்துப் பத்துப் பேராக, ஆளுக்குப் பத்து நிமிடம் கருத்தரங்கு; எங்கள் முறை ஐந்தாவது ஞாயிறு. பேசி முடித்தால்தான் ஒருங்கிணைப்பாளர் மேடம் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. "அடுத்த வருஷம் மறுபடி வரலாம்" என்று ஆறுதலாகவும் சொல்லியிருந்தார். மேடத்துக்கு என்னைத் தெரியாது. நான் அடுத்த வருடம் வருகிற ஜாதி இல்லை. ஒருமுறை கேட்டைத் தாண்டினால் கால் நூற்றாண்டு.

என் தலைப்பு: கொம்யூன் பஞ்சாயத்தின் பணிகள். புதுச்சேரியில் பல கிராமங்களுக்குச் சேர்த்து உள்ள உள்ளாட்சி அமைப்புக்கு அதுதான் பெயர். படகின் முதுகில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். கஸ்தூரி மீன் ஆய்ந்துகொண்டே கேட்டுக் கேட்டு, அவளுக்கும் பாடமாகிவிட்டது. நான் நிறுத்தினால் அடுத்த வரியை அவள் எடுத்துக் கொடுப்பாள்.

அன்று காலை ஆறு பேர் பேசி முடித்தார்கள். சின்னப் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் படமெல்லாம் போட்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். முட்டி ஆடத் தொடங்கியிருந்தது. காது சுட்டது. பக்கத்தில் அக்கா கேரியரைத் திறக்கவே இல்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஊர் முகத்தையெல்லாம் படிக்கிறவன், பக்கத்து முகத்தைப் படிக்கவில்லை. அவர் எழுந்து போனதுகூடத் தெரியவில்லை. பயந்தவனுக்குத் தன் முட்டியைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பின்வாசல் திறந்திருந்தது.

பஸ் வந்தது

பஸ் வந்தது. காலியாக. கண்டக்டர் இறங்கி நின்று, "பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் எப்படி பஸ்ஸில் ஏறுவது?

"ஏறுறீங்களா, இல்லியா?"

"இல்லப்பா, நாங்க ஜெராக்ஸ் எடுக்க வந்தோம்" என்றார் அக்கா.

கண்டக்டர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

கேரியரின் மூடி வெயிலில் மினுங்கியது. வாய்விட்டுச் சொன்னது சொன்னதுதான். ஜெராக்ஸ் என்று கேட்டாகிவிட்டது. இனி திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

"போலாமா தம்பி?"

"போலாங்கா."

வழியில் அக்கா கேட்டார். "கரையில அவ்ளோ கூட்டத்துல பேசுறியே, பயமா இருக்காதா?"

அப்போதுதான் அந்த விடை கிடைத்தது. நடந்துகொண்டே சொன்னேன். "அங்க எல்லாரும் மீனப் பார்ப்பாங்கக்கா. என்னிய எவன் பார்க்குறான்? இங்க நடுவுல மீனு இல்ல. அத்தினி கண்ணும் நேரா என் மூஞ்சிலதான்."

அக்கா "ம்" என்றார்.

நாலடுக்கு மீன்

என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். ஃபைலைத் திறந்தேன். முதல் வரி கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. மேடம் புன்னகையோடு காத்திருந்தார். மேஜைக்குப் பின்னால் முட்டி தனியாகத் தாளம் போட்டது. அறையின் மூலையில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

கடைசி பெஞ்சில் அக்கா எழுந்தார். நாற்பது பேர் பார்க்க, நடுவழியாக நடந்து வந்து டிபன் கேரியரை என் முன்னால் மேஜைமேல் 'டங்'கென்று வைத்தார்.

"இத மீனுன்னு நெனச்சிக்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எல்லாக் கண்ணும் கேரியருக்குப் போனது. மேடத்தின் கண்கூட. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மேல் அடுக்கைக் கழற்றி வைத்தேன். "குடிதண்ணி" என்றேன். குரல் வந்தது. "கொம்யூன் பஞ்சாயத்தோட மொத வேல. யாரு ஊர்ல ஒழுங்கா வருது?" இரண்டாவது வரிசையில் பாகூர்ப் பெண் ஒருத்தி புருவத்தைத் தூக்கினாள். அவ்வளவுதான், என் கை அவளை நோக்கி நீண்டது. "பாகூரு ஒருதரம்."

அறையே சிரித்தது. அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. இரண்டாவது அடுக்கு தெருவிளக்கு. மூன்றாவது சாக்கடை. ஒரு பையன் தாடையைச் சொறிந்தான். சாக்கடையை அவன் ஊர் தலையில் கட்டினேன். நாலாவது அடுக்கு சுடுகாட்டுப் பாதை. அதை யாரும் கேட்கவில்லை. சட்டப்பிரிவு, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. மேடம் மணியைப் பார்த்ததை மட்டும் நான் ஏலமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அளவுக்கு மரியாதை தெரியும்.

"பத்து நிமிஷம் சொன்னேன். இருபது ஆச்சு" என்றார் மேடம். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது அக்கா. தாளைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொண்டுபோய் வைக்க என்னிடம் கேரியரும் இல்லை. நாக்கை மடித்து, கரையில் படகுக்காரர்களைக் கூப்பிடுவதுபோல ஒரு விசில் விட்டேன். குக்கர் விசில்.

"யாரது?" என்றார் மேடம்.

அக்கா தாளை இறக்கினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். மீனாக இருந்தால் அந்தப் பார்வையிலேயே வறுபட்டிருப்பேன்.

"அவன்தான் மேடம். ஆறு மாசமா இதே வேல அவனுக்கு" என்றார். கோபத்தில் குரல் கணீரென்று வந்தது. வந்த குரலை அக்கா விடவில்லை. அதே சூட்டில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி, தாளைப் பார்க்காமல், கரண்டி பிடித்த அத்தனை வருடமும் சேர்ந்து பேசியதுபோலப் பேசினார். ஒருவரும் ஃபோனைத் தொடவில்லை. மேடம் குறிப்பு எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதே பஸ் ஸ்டாப்

சாயங்காலம் மறுபடி அங்கேயே நின்றோம். இப்போது வெயில் இறங்கியிருந்தது. அக்கா மதியம் சாப்பிடாத சாப்பாட்டைப் பிரித்து, நின்றபடியே எனக்கு ஒரு அடுக்கு கொடுத்தார். சாக்கடை அடுக்கு. தக்காளி சாதம் நன்றாக இருந்தது.

"தம்பி, ஒன்னு கேக்குறேன். இந்தத் தெருவுல ஜெராக்ஸ் கட எங்க இருக்குது?"

மென்று விழுங்கினேன். "அஞ்சு ஞாயித்துக்கெழமையா பார்க்குறேங்கா. ஒன்னுகூட இல்ல."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது, கேரியரும் குலுங்கியது. மதியம் வந்த அதே கண்டக்டர் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, ஜெராக்ஸ் எடுத்தாச்சா?" என்றார்.

"ஆச்சிப்பா, ரெண்டு காப்பி" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறினார்.

வீட்டில் கஸ்தூரி வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் முகம் படிப்பதில் நான் இரண்டாவது ஆள்தான்.

"இன்னாயா, தண்ணி குடிக்கப் போவலியே?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஒரே நாளில் இரண்டு பொய்க்கு இடமில்லை என்று தோன்றியது.

"போனேன்" என்றேன். "திரும்பி வந்துட்டேன்."

அவள் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா. இனிமே வூட்டுலயே குடி."